இலை எடைப் படிவம்: டெல்பி 7இலிருந்து கிளம்பும் முன் சில அனுபவங்கள்

கட்டபெட்டுக்காரன்
ஞாயிறு, இரவு 8.10

வணக்கம். கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. சுற்றியுள்ள ஹட்டிகளின் (படகர் ஊர்களின்) சிறு விவசாயிகளிடம் பச்சை இலை வாங்கித் தூளாக்குகிறார்கள். அங்கே எடை மேசையில் இருக்கும் கணினியில், 2001ஆம் ஆண்டு நான் எழுதிய நிரல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. டெல்பி 5இல் எழுதினேன், 2003இல் டெல்பி 7க்கு ஏற்றினேன், அதோடு சரி. விண்டோஸ் 98, எக்ஸ்பி, 7, 10 என்று அடியில் இயங்குதளம் மாறிக்கொண்டே போனது. எடைப் படிவம் அப்படியே இருக்கிறது. இந்த ஆண்டு அதை மாற்றப் போகிறேன். மாற்றுவதற்கு முன், இத்தனை ஆண்டில் கற்றதை எழுதி வைக்கத் தோன்றியது. இதே நிலையில் இருப்பவர்கள் உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

டெல்பியைப் பார்த்திராத இளையவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. அது விண்டோஸுக்கு நிரல் எழுதும் கருவி. போர்லாண்ட் நிறுவனம் அதை 1995 பிப்ரவரி 14 அன்று வெளியிட்டது. உள்ளே இருக்கும் மொழி பாஸ்கல். டர்போ பாஸ்கலை எழுதிய ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க்தான் தலைமை வடிவமைப்பாளர். பிற்பாடு மைக்ரோசாஃப்டுக்குப் போய் சி ஷார்ப்பை உருவாக்கியவரும் அவரே. டெல்பி என்ற பெயரே தரவுத்தளத்தை மனத்தில் வைத்து வந்தது. ஆரக்கிள் என்பது ஒரு தரவுத்தளத்தின் பெயர், அந்தச் சொல்லுக்குக் குறி சொல்பவர் என்றும் பொருள். ஆரக்கிளோடு பேச வேண்டுமானால், குறி சொல்லும் கோயில் இருந்த டெல்பி நகருக்குத்தானே போக வேண்டும்! கைமாறிக் கைமாறி 2008இல் எம்பார்காடெரோவிடம் வந்தது. அந்த நிறுவனத்தை 2015இல் ஐடெரா வாங்கியது. இன்றும் புதிய பதிப்புகள் வருகின்றன. செத்த மொழி என்று எழுதுகிறவர்கள் இதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

என்னை அதில் கட்டிப்போட்டது ஒரு மாலைப்பொழுது. படிவத்தில் ஒரு டேபிள் (தரவைத் திறப்பது), ஒரு டேட்டாசோர்ஸ் (நடுவில் இணைப்பது), ஒரு கிரிட் (வரிவரியாகக் காட்டும் கட்டம்), மூன்றையும் வைத்து ஒன்றோடொன்று கோத்தேன். ஒரு வரி நிரல் எழுதவில்லை. நிரலை ஓட்டவும் இல்லை. வடிவமைப்புத் திரையிலேயே உறுப்பினர் பட்டியல் முழுவதும் வந்து நின்றது. அதற்கு முன் ஒவ்வொரு புலத்துக்கும் வாசிக்க ஒரு வரி, எழுத ஒரு வரி என்று பக்கம் பக்கமாக அடித்துக்கொண்டிருந்தவன் நான். அந்தத் திரையைப் பார்த்தபோது ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

படிவம் மிகச் சிறியது. உறுப்பினர் எண், சாக்கு எண்ணிக்கை, மொத்த எடை, ஈரக் கழிவு (நனைந்த இலைக்காகக் கழிப்பது). நான்கே புலங்கள். எண்ணை அடித்தவுடன் பெயர், தந்தை பெயர், ஹட்டி மூன்றும் பெரிய எழுத்தில் தோன்றும். எங்கள் ஊர்களில் போஜன், நஞ்சன், பெள்ளி, ஜோகி என்ற பெயர்கள் தலைமுறை தலைமுறையாக வருபவை. ஒரே ஹட்டியில் மூன்று போஜன் இருப்பது சாதாரணம். பெயரை நம்பி இலையை ஏற்றினால் ஒருவர் உழைப்பு இன்னொருவர் கணக்கில் போய்விடும். எண்ணைச் சொன்ன பிறகும், எடை மேசையில் இருக்கும் அக்கா ஹட்டியின் பெயரை உரக்கப் படித்துவிட்டுத்தான் அடுத்த என்டரைத் தட்டுவார். படிவத்தில் ஹட்டியின் பெயர் பெரிதாக இருப்பது அவர் கேட்டதால்தான்.

தரவோடு நேரடியாகக் கட்டப்பட்ட படிவத்தில் ஓர் ஆபத்தும் உண்டு. திரையில் நாம் தொடுவது நகலை அல்ல, அட்டவணையில் இருக்கும் பதிவையே. வரிசையை விட்டு நகர்ந்தால் போதும், மாற்றம் சேமிக்கப்பட்டுவிடும். முதல் மழைக்காலத்தில் எடையே இல்லாத பேய்ப் பதிவுகள் தோன்றத் தொடங்கின. கிரிட்டின் கடைசி வரியில் கீழ் அம்பை அழுத்தினால் புதிய வரி ஒன்று திறக்கும். யாரும் எதையும் அடிக்காமல் மேலே போய்விட்டால் அது தானாகவே ரத்தாக வேண்டும். ஆனால் நான் தேதியையும் வண்டி எண்ணையும் தானாக நிரப்பும் வரிகளை ஆஃப்டர்இன்செர்ட் நிகழ்வில் எழுதி வைத்திருந்தேன். அங்கே நிரப்பினால் பதிவு திருத்தப்பட்டது என்று டெல்பி எடுத்துக்கொண்டு, நகரும்போது சேமித்துவிடும். அதே வரிகளை ஆன்நியூரெகார்ட் நிகழ்வில் எழுதினால், நிரப்பி முடித்ததும் திருத்தக் குறி அழிக்கப்படும். பேய்ப் பதிவு வராது. மூன்று வரியை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துவதுதான் வேலை. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் கணக்கர் ஐயா இரவு ஒன்பது மணிவரை கார்பன் சீட்டுகளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். அவரிடம் இன்றும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன்.

ஊட்டிப்பையன் கோவையில்
ஞாயிறு, இரவு 10.35

படிக்க மிகவும் நன்றாக இருந்தது ஐயா. நான் வலைச் செயலிகள் எழுதுகிறவன், அதனால் ஒரு கேள்வி. 2025இல் எதற்காக மீண்டும் ஒரு மேசைக்கணினி நிரல்? உலாவியில் ஓடும்படி எழுதினால் ஒவ்வொரு கணினியிலும் நிறுவ வேண்டியதில்லை. விவசாயி தன் கைபேசியிலேயே இன்றைய எடையைப் பார்க்கலாம். என் தாத்தா முதலாளியின் நோட்டை நம்பித்தான் காலம் முழுக்க இலை கொடுத்தார். தன் கணக்கைத் தானே பார்க்கும் வசதி அவருக்குக் கிடைக்கவில்லை. அந்த வசதியைத் தரும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது.

கட்டபெட்டுக்காரன்
திங்கள், காலை 6.20

தம்பி, கடைசியாகச் சொன்னதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். விவசாயி தன் எடையைக் கைபேசியில் பார்க்க வேண்டும். அது புதிய திட்டத்தில் இருக்கிறது; ஒவ்வொரு எடைக்கும் குறுஞ்செய்தி போகும்.

ஆனால் எடை மேசை வேறு விஷயம். பிற்பகலில் இலை வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கும். பறித்த இலை சாக்கில் அடைந்து கிடந்தால் சூடேறிச் சிவந்துவிடும். தூளின் தரம் கெடும். ஏறக்குறைய நாலேகால் கிலோ, நாலரைக் கிலோ பச்சை இலைக்கு ஒரு கிலோ தூள்தான் கிடைக்கும் என்னும்போது, கெட்டுப்போகும் ஒவ்வொரு சாக்கும் கணக்கில் தெரியும். அந்த நேரத்தில் அக்காவின் வலது கை எண் விசைகளை விட்டு நகர்வதில்லை. கண் தராசின் மேல் இருக்கும். எண், என்டர், சாக்கு, என்டர், எடை, என்டர், கழிவு, என்டர். நான்காவது என்டரில் சீட்டு அச்சாகிறது. மவுஸை எடுக்கும் தேவையே இல்லை. இந்த வரிசையை நான் வடிவமைத்தேன் என்று சொல்ல மாட்டேன். முதலில் நான் வைத்தது எடை, அப்புறம் சாக்கு. அவர்தான் மாற்றச் சொன்னார்: சாக்கை இறக்கும்போதே எண்ணிவிடுகிறார்கள், எடை பிறகுதான் நிலைக்கிறது என்றார். நின்று பார்த்தேன்; அவர் சொன்னது சரி.

உலாவியிலும் இதையெல்லாம் செய்யலாம், மறுக்கவில்லை. ஆனால் இணைப்பு அறுந்த நேரத்திலும் தராசு நிற்கக் கூடாது. 2009 நவம்பர் மண்சரிவை நீங்களும் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாலை போனது, மின்சாரம் போனது, தொலைபேசியும் போனது. ஜெனரேட்டரில் அந்த ஒரு கணினி மட்டும் ஓடியது. வர முடிந்தவர்களின் இலையை எடை போட்டுச் சீட்டுக் கொடுத்தார்கள்.

மஞ்சூர் மழை
திங்கள், பிற்பகல் 1.15

நான் நிரல் எழுதுகிறவள் அல்ல. குந்தா பக்கம் ஒரு கொள்முதல் நிலையத்தில் பதினோரு ஆண்டுகள் எடைப் பதிவு செய்தேன். உங்கள் படிவம் இல்லை, வேறொருவர் எழுதியது. ஆனால் படிக்கப் படிக்க எங்கள் மேசையே கண்முன் வந்தது.

எங்களுக்கும் ஒருநாள் புதிய படிவம் வந்தது. அழகாகத்தான் இருந்தது. தேதியைச் சின்ன நாட்காட்டியில் மவுஸால் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயர்ப் பட்டியல் கீழே விரியும், அதில் தேட வேண்டும். ஒவ்வொரு பதிவுக்கும் சேமி என்ற பொத்தான், அதன் மேல் நிச்சயமா என்று ஒரு கேள்வி. மழையில் நனைந்த கையோடு, மேசைக்கு முன்னால் நாற்பது பேர் நிற்கும்போது, ஒரு சாக்குக்கு மூன்று முறை நிச்சயமா என்று கேட்டால் என்ன செய்வது? நாங்கள் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு, இரவில் உட்கார்ந்து கணினியில் ஏற்றினோம். அதாவது எங்கள் வேலை இரண்டு மடங்கானது. பழைய படிவம் அழகற்றது என்று சொல்லி நீக்கினார்கள். அதை வைத்து நாங்கள் எப்படி வேலை செய்தோம் என்று ஒருவரும் வந்து பார்க்கவில்லை. எனக்கு இன்னும் அந்த வருத்தம் தீரவில்லை.

ஈரக் கழிவைப் பற்றி ஒரு வார்த்தை. மழை நாளில் எத்தனை சதவிகிதம் கழிக்கிறார்கள் என்பதில்தான் சண்டை வரும். அந்தச் சதவிகிதம் திரையில் விவசாயிக்கும் தெரியும்படி இருந்தால் பாதிச் சண்டை அடங்கும். புதியதில் அதைச் செய்யுங்கள் அண்ணா.

கட்டபெட்டுக்காரன்
திங்கள், மாலை 7.05

நிச்சயம் செய்கிறேன் அம்மா. இரண்டாவது திரை ஒன்றை விவசாயி பக்கம் திருப்பி வைக்கலாம்: மொத்த எடை, சாக்கு எடை, கழிவு, நிகர எடை நான்கும் பெரிய எழுத்தில். இத்தனை ஆண்டில் எனக்கு இது தோன்றாமல் போனதே என்று வருந்துகிறேன்.

தாண்டிக்குடி காப்பி
திங்கள், இரவு 9.50

பழனி மலையிலிருந்து வணக்கம். நான் ஃபாக்ஸ்புரோ என்ற பழைய தரவுத்தளக் கருவியின் ஆள். காப்பியும் மிளகும் வாங்கிக் கீழே அனுப்பும் ஒரு மண்டிக்கு டாஸில் ஃபாக்ஸ்புரோ 2.6இல் எழுதியதை, பிறகு விஷுவல் ஃபாக்ஸ்புரோ 9க்குக் கொண்டுவந்தேன். உங்கள் டெல்பிக்காவது புதிய பதிப்பு வருகிறது. ஃபாக்ஸ் 1992இல் மைக்ரோசாஃப்டிடம் போனது. 9தான் கடைசி என்று 2007இல் அறிவித்தார்கள். 2015 ஜனவரியோடு ஆதரவும் நின்றது. ஆனாலும் அந்த நிரல் இன்று காலையும் ஓடியது. அதன் அட்டவணைக் கோப்பான டிபிஎஃப் 2 ஜிபிக்கு மேல் வளராது என்பதுதான் அதன் எல்லை; எங்கள் மண்டி அந்த எல்லையின் அருகில்கூடப் போகாது.

எனக்கு மொழியைவிடப் பெரிய பயம் தமிழ் எழுத்துகளைப் பற்றித்தான். பெயர்கள் எல்லாம் பழைய 8 பிட் எழுத்துருவில் இருக்கின்றன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் வெறும் குப்பையாகத் தெரிகிறது. நீங்கள் என்ன செய்தீர்கள்?

கட்டபெட்டுக்காரன்
செவ்வாய், இரவு 8.30

இதை விரிவாகவே எழுத வேண்டும் நண்பரே. இந்த மாற்றத்தில் என் நேரத்தைப் பெரும்பாலும் தின்றது இதுதான்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்ற இரண்டு குறியேற்றங்கள் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற பட்டியல்கள்) தரமாக்கப்பட்டன. டாப் இருமொழிக்கானது, ஆங்கில எழுத்துகளின் இடத்தைத் தொடாது. டாம் தமிழுக்கு மட்டும். ஆங்கில எழுத்துகளின் இடங்களையும் எடுத்துக்கொண்டு கூடுதல் தமிழ் வடிவங்களை வைத்தது. பார்க்க அழகாக இருந்ததால் நான் டாம் எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தேன். பெயர்ப் புலத்துக்கு மட்டும் அந்த எழுத்துருவைக் கொடுத்தால் போதும். டெல்பி 7க்கு உள்ளே இருப்பது தமிழா வேறா என்பதில் அக்கறையில்லை.

முதல் அடி பெயர்களைச் சீராக்க முயன்றபோது விழுந்தது. தேடுவதற்கு வசதியாக எல்லாப் பெயர்களையும் அப்பர்கேஸ் செயற்கூறு வழியாக அனுப்பினேன். டெல்பியின் அப்பர்கேஸ் ஆங்கிலத்தின் சிறிய எழுத்துகள் இருபத்தாறை மட்டும் பெரிதாக்கும். டாமில் ஆங்கிலச் சிறிய c இருக்கும் இடத்தில் இருப்பது நீ என்ற தமிழெழுத்து. பெரிய C இருக்கும் இடத்தில் இருப்பது சி என்ற தமிழெழுத்து. மறுநாள் காலை நீலம்மா எல்லாரும் சிலம்மா ஆகியிருந்தார்கள். முந்தைய நாள் காப்பு நகல் இருந்ததால் தப்பித்தேன். இன்று யூனிகோடில் வளரும் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை தெரியாது, தெரியாமலே இருக்கட்டும்.

இரண்டாவது, வரிசை. டாம் எழுத்துகளைக் கண்ணில் படும் வரிசையில் சேமிக்கிறது. போ என்றால் முதலில் இரட்டைக்கொம்பு, அடுத்து ப, கடைசியில் கால். யூனிகோடில் முதலில் ப, அதன் பின் ஓகாரக் குறி. எனவே மாற்றும் நிரல் வெறும் பதிலீட்டு அட்டவணையாக இருக்க முடியாது. கொம்பையோ ஐகாரக் குறியையோ கண்டால் கையில் பிடித்து வைத்துக்கொண்டு, அடுத்த மெய்யை எழுதிவிட்டு, அதன் பிறகு ஒரு கால் வருகிறதா என்று எட்டிப் பார்த்து, எகரமா ஒகரமா என்று முடிவு செய்ய வேண்டும். ஔகாரத்தின் கடைசிக் குறிக்கும் ளகரத்துக்கும் ஒரே உருவம் என்பதால் கௌரி போன்ற பெயர்களைக் கண்ணால்தான் சரிபார்த்தேன்.

இதில் நான் எதிர்பார்க்காதது வேறொன்று. டாமில் கொம்புகளின் குறியெண் அகரத்துக்கும் முன்னால் வருகிறது. அதனால் பழைய உறுப்பினர் பட்டியலில் பெள்ளி, போஜன், ஜோகி, தேவன், கோபால் எல்லாரும் அகரத்துக்கு முன்பாகவே வந்துவிடுவார்கள். அதன் பிறகுதான் ஆறுமுகம், ஈஸ்வரன். தமிழ் அகரவரிசைப்படி இது தவறு. ஆனால் இருபது ஆண்டுகளாகப் பட்டுவாடாப் பதிவேடு இந்த வரிசையில்தான் அச்சாகிறது. கணக்கர் ஐயா போஜனைத் தேடும்போது கையை நேராக முதல் பக்கங்களுக்குக் கொண்டுபோகிறார். யூனிகோடு வரிசையில் அச்சிட்டுக் கொடுத்தேன். ஐயா பத்து நிமிடம் புரட்டிவிட்டு, ஜோகி கவுடர் பெயரையே காணோமே என்றார்.

அருவங்காடு 77
புதன், காலை 7.40

நானும் டெல்பி 7, பாரடாக்ஸ் அட்டவணைகள், பிடிஇ என்று வாழ்ந்தவன். புதியவர்களுக்கு: பாரடாக்ஸ் என்பது அட்டவணைகளைக் கோப்புகளாகவே வைக்கும் தரவுத்தளம், பிடிஇ என்பது நிரலுக்கும் அட்டவணைக் கோப்புகளுக்கும் நடுவில் நின்ற அடுக்கு. அதைப் பற்றி இரண்டு குறிப்புகளைச் சேர்க்கிறேன். இன்னும் பிடிஇயில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

வட்டில் இடம் இல்லை என்று திடீரென ஒருநாள் சொல்லும். பார்த்தால் ஏராளமாக இடம் இருக்கும். காலி இடத்தின் அளவு 4 ஜிபியின் மடங்குக்குச் சற்று மேலே வந்து நிற்கும்போது இது நடக்கும். 32 பிட் எண்ணில் அடங்காமல் சுற்றி வந்து, மிச்சம் மட்டும் தெரிகிறது. ஒரு பெரிய கோப்பை வட்டில் நகலெடுத்து வைத்தால் உடனே சரியாகும்.

இரண்டாவது, பூட்டுக் கோப்பு. பிடிஇ அதை வழக்கமாக சி வட்டின் வேர்க் கோப்புறையில் வைக்கும். விஸ்டாவுக்குப் பிறகு சாதாரணப் பயனர் அங்கே எழுத முடியாது. எல்லாரும் எழுதக்கூடிய கோப்புறைக்கு அதை மாற்ற வேண்டும். எல்லாக் கணினிகளும் அதே கோப்பைச் சுட்ட வேண்டும். லோக்கல் ஷேர் அமைப்பை ட்ரூ என்று வைக்காமல் இரண்டு கணினிகள் ஒரே அட்டவணையைத் தொட்டால், இன்டெக்ஸ் பழையதாகிவிட்டது என்ற செய்தியைச் சீக்கிரமே பார்ப்பீர்கள்.

கட்டபெட்டு ஐயா, எங்கே போகிறீர்கள்? புதிய டெல்பியா, டெல்பி போன்ற இலவசக் கருவியான லாசரஸா?

கட்டபெட்டுக்காரன்
புதன், இரவு 9.15

அந்தச் செய்தியை நான் நிறையவே பார்த்திருக்கிறேன். லோக்கல் ஷேரை மாற்றாமல் விட்டது நான்தான். அதோடு மழைக்கால மின்வெட்டும் சேர்ந்தது. யூபிஎஸ் பேட்டரி மாற்றுவதைத் தள்ளிப்போட்ட ஒரு ஜூலை மாதம் முழுக்க, காலையில் போய் இன்டெக்ஸைச் சரிசெய்வதே என் வேலையாக இருந்தது. பாரடாக்ஸ் கோப்பில் ஒரு பதிவு பாதி எழுதப்பட்ட நிலையில் மின்சாரம் போனால், மீட்டுத் தர அங்கே யாரும் இல்லை. ஒவ்வொரு கணினியும் நேராகக் கோப்பில் எழுதுகிறது.

அதனால் தரவுக்கு ஃபயர்பேர்ட் என்ற தரவுத்தளச் சர்வர். 2000இல் இன்டர்பேஸ் என்ற தரவுத்தளத்தின் மூல நிரல் திறந்துவிடப்பட்டபோது அதிலிருந்து கிளைத்தது. சர்வர் மட்டுமே கோப்பைத் தொடும். ஒரு பரிவர்த்தனை முழுதாக நடக்கும், இல்லையேல் நடக்கவே நடக்காது. படிவத்துக்கு லாசரஸ். புதிய டெல்பி நல்ல கருவி என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் எனக்குப் பிறகு இதைத் தொடப்போகிற பிள்ளை காசு கொடுக்காமல் இறக்கிப் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பாஸ்கல் தெரிந்தவருக்கு லாசரஸ் சொந்த வீடு போலத்தான். படிவக் கோப்பை மாற்றித் தரும் கருவியும் அதிலேயே இருக்கிறது.

ஒரு வித்தியாசத்துக்கு மட்டும் தயாராக இருங்கள். பழைய டேபிளில் போஸ்ட் என்றால் கோப்பில் எழுதப்பட்டுவிட்டது என்று பொருள். லாசரஸின் எஸ்க்யூஎல் கூறுகளில் போஸ்ட் செய்தது நினைவகத்தில்தான் நிற்கும். அப்ளைஅப்டேட்ஸ் அழைக்க வேண்டும், பிறகு பரிவர்த்தனையை முடிக்க வேண்டும். முதல் சோதனையில் ஒரு மணி நேர எடை முழுவதும் திரையில் அழகாக இருந்தது. மூடித் திறந்தால் ஒன்றுமில்லை. இப்போது ஆஃப்டர்போஸ்ட் நிகழ்வில் இரண்டையும் வைத்திருக்கிறேன். சீட்டு அச்சாவது அதற்கும் பிறகுதான். சீட்டு விவசாயியின் கைக்குப் போய்விட்டால் தரவுத்தளத்தில் அந்தப் பதிவு இருந்தே தீர வேண்டும்.

இப்போது வட்டமாக்கல். கடந்த மாதம் பழையதையும் புதியதையும் அருகருகே ஓட்டினோம். பட்டுவாடாவில் சிலருக்கு மட்டும் சரியாக ஒரு ரூபாய் வேறுபட்டது. புதியதில் கூடுதல். இரண்டு இரவுகள் தேடினேன். 101 கிலோ, கிலோவுக்கு 12.50 என்றால் 1,262.50. பாஸ்கலின் ரவுண்ட் செயற்கூறு சரிபாதி வந்தால் அருகில் உள்ள இரட்டை எண்ணுக்குப் போகும்: 1,262. ஃபயர்பேர்டின் ரவுண்ட் மேலே போகும்: 1,263. 103 கிலோ என்றால் 1,287.50, இரண்டிலும் 1,288தான். அதனால்தான் ஐம்பது காசு வந்த எல்லாருக்கும் வராமல் சிலருக்கு மட்டும் வேறுபட்டது.

இதைக் கண்டுபிடித்ததும் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பழைய முறையில் சில மாதங்களில் சில விவசாயிகளுக்கு ஐம்பது காசு குறைந்திருக்கிறது, சிலருக்குக் கூடியிருக்கிறது. நீண்ட காலத்தில் ஈடாகிவிடும் என்பதற்காகத்தான் அந்த முறையே இருக்கிறது. ஆனால் கையில் கணக்கிட்டுப் பார்த்த ஒரு விவசாயி 1,263 அல்லவா என்று கேட்டால், இரட்டை எண் விதியை அவரிடம் எப்படிச் சொல்வேன்? நிர்வாகத்திடம் சொன்னேன். ஐம்பது காசு வந்தால் எப்போதும் விவசாயிக்கே என்று முடிவு செய்தார்கள். இந்த ஒரு வரி முடிவை 2001இலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

ஊட்டிப்பையன் கோவையில்
வியாழன், காலை 9.00

மஞ்சூர் அக்காவின் பதிவைப் படித்த பிறகு என் முதல் கேள்வியை மாற்றிக் கேட்கிறேன். உலாவியா மேசைக்கணினியா என்பதை விடுங்கள். நான் எழுதிய எந்தப் படிவத்தையும் யாராவது பயன்படுத்தும்போது பக்கத்தில் நின்று நான் பார்த்ததே இல்லை. அடுத்த வாரம் போய்ப் பார்க்கிறேன்.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இத்தனை ஆண்டில் இந்த நிரலைத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர் மட்டும்தானே? மண்சரிவில் சாலை அடைபட்டது போல, உங்களுக்கு உடம்புக்கு முடியாத ஒரு வாரம் வந்திருந்தால்?

கட்டபெட்டுக்காரன்
வியாழன், இரவு 8.45

வந்தது தம்பி. 2016இல் பத்து நாள் மருத்துவமனையில் இருந்தேன். அந்தச் சமயம் பார்த்துத் தராசை இணைத்திருந்த வடத்தின் மாற்றி பழுதாகி, புதியது வாங்கி மாட்டினார்கள். போர்ட் எண் மாறிவிட்டது. அந்த எண்ணை நான் நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தேன். பத்து நாளும் அக்கா தராசைப் பார்த்துக் கையால் அடித்தார். நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. அப்போது என்னிடம் பதில் இல்லை. இப்போது போர்ட் எண் அமைப்புத் திரையில் இருக்கிறது. மூல நிரல் தொழிற்சாலையின் அலமாரியில் ஒரு நகல், எங்கள் ஊர்ப் பெண் ஒருவரிடம் ஒரு நகல். குன்னூரில் கணினி அறிவியல் படித்துவிட்டு வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். முதல் மாதம் பாஸ்கல் எதற்கு என்று கேட்டுக்கொண்டே இருந்தார். போன வாரம் ஈரக் கழிவுத் திரையை அவரேதான் எழுதினார்.

தாண்டிக்குடி காப்பி
வெள்ளி, இரவு 10.05

பதிவேட்டு வரிசையை என்ன செய்தீர்கள் என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே. எங்கள் மண்டியிலும் அதே கதைதான் வரும்.

கட்டபெட்டுக்காரன்
சனி, மாலை 6.30

நேற்றுத்தான் முடிந்தது. யூனிகோடு பெயருக்குப் பக்கத்தில் பழைய டாம் வடிவத்தையும் ஒரு மறைவான புலமாக வைத்திருக்கிறேன். புதிய உறுப்பினர் சேரும்போது எதிர்த்திசையில் மாற்றி அதையும் நிரப்பிவிடுகிறது. பதிவேடு அச்சிடும் திரையில் இரண்டு தேர்வுகள்: அகரவரிசை, பழைய வரிசை. கணக்கர் ஐயாவுக்குப் பழையது. அவருக்கு உதவியாக வந்திருக்கும் பையனுக்கு அகரவரிசை. இந்த மாதப் பட்டுவாடாப் பட்டியலை இரண்டிலும் அச்சிட்டு ஐயாவிடம் கொடுத்தேன். பழைய வரிசையில் முதல் பக்கத்தைப் பிரித்து ஜோகி கவுடர் பெயரின் மேல் விரலை வைத்துவிட்டு, சரி என்று மட்டும் சொன்னார். மொத்தத் தொகையும் இரண்டிலும் ஒன்றாக வந்தது.

எழுத்து மாற்றும் நிரலை உங்களுக்கு அனுப்புகிறேன். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பழைய எழுத்துருவில் நீ, சி, ழி, க்ஷ, ஸ்ரீ ஐந்தையும் ஒரு பதிவில் அடித்து, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து, என்ன தெரிகிறது என்று அப்படியே எழுதி அனுப்புங்கள். நீயும் சியும் ஒரே ஆங்கில எழுத்தின் சிறிய, பெரிய வடிவங்களாக வந்தால் உங்களுடையதும் டாம்தான், என் அட்டவணை அப்படியே பொருந்தும். வேறு ஏதாவது வந்தால் அந்த எழுத்துருக் கோப்பையும் சேர்த்து அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்க்கிறேன். டிபிஎஃப் கோப்பைத் திறந்து சேமித்துவிடாதீர்கள். முதலில் நகல்.